கையும் சொல்லும்

இசை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவோர் பாடுவோரும் வாசிப்போருமே ஆவர். அவர்க்கு அடுத்தபடியாகப் பாட்டு இயற்றிய புலவரை எண்ணுகிறோம். இலக்கணம் வகுத்த ஆசிரியரை எண்ணுகிறோம். கச்சேரிக்குப் பொருளுதவிய செல்வரையும் மறவாது மாலை சூட்டுகிறோம். ஆயின், வாசிப்பவர் கையிலிருக்கும் கருவியை மரத்திலிருந்தும் தோலிலிருந்தும் நாணலிலிருந்தும் ஆக்கித் தந்த தொழிலாளியை எண்ணுவோர் மிகச் சிலரே. அவர் பெயர் அழைப்பிதழில் இல்லை, மேடையில் இல்லை, பெரும்பாலும் நூல்களிலும் இல்லை. இஃது ஒரு நன்றியின்மை மட்டுமாயின் வருந்திவிட்டு அமையலாம். இதனால் ஒரு கலையே வேரற்றுப் போகவும் கூடும் என்பதனாலேயே இன்று இதனை எழுதப் புகுந்தோம்.

நமக்குப் பழகிய ஒரு கருவியிலிருந்தே தொடங்குவோம். வயலின் நம் இசைக்கு வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இராகங்களை அதில் இசைத்தார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வந்த கருவியை நம்மவர் வந்தபடியே வைத்துக்கொள்ளவில்லை. தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கும் முறையை வகுத்தனர். நரம்புகளுக்குச் சுருதி கூட்டும் முறையையும் மாற்றினர். கமகங்களுக்கு ஏற்ப விரல்களைப் பழக்கினர். மாற்றாது ஏற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அதுவே வில். இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வயலின் பயிலும் மாணவர் கையில் பிடிக்கும் வில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுப் பாரிசு நகரில் உருப்பெற்ற வில்லின் வடிவமே ஆகும்.

அவ்வடிவத்தை நிலைநிறுத்தியவர் பிரான்சுவா தூர்த் என்னும் தொழிலாளி. அவர் தந்தையும் தமையனும் வில் செய்வோரே. ஆயினும் இளமையில் அவரைக் கடிகாரத் தொழிலுக்கே அனுப்பினர். நுண்ணிய பற்சக்கரங்களோடு எட்டு ஆண்டுகள் பழகிய கையோடு அவர் தம் குலத்தொழிலுக்கு மீண்டார். அவர்க்கு முற்பட்ட வில்கள் வேடன் வில்லைப் போல வெளிப்புறம் வளைந்தோ, ஏறக்குறைய நேராகவோ இருந்தன. அவரோ கோலை நெருப்பனலில் காட்டி, மயிர் இருக்கும் பக்கம் நோக்கி உட்புறமாக வளைத்தார். இதனால் கோலுக்கு ஒரு துள்ளலும், அதே வேளையில் அழுத்தத்தைத் தாங்கும் உரமும் ஒருங்கே வாய்த்தன. குதிரை வால்மயிர் கயிறு போலத் திரண்டுவிடாது நாடா போலப் பரந்து நிற்க, கைப்பிடிக் கட்டையின் முகப்பில் ஓர் உலோகப் பூணை அமைத்தார். ஏறத்தாழ 75 சென்றிமீற்றர் நீளமும் 60 கிராம் நிறையும் கொண்ட அந்தச் சிறு கோல், பெருங் கச்சேரி மண்டபங்களை நிறைக்கும் நாதத்தை வயலினிலிருந்து வெளிக்கொணர வல்லதாயிற்று. அக்கால வயலின் மேதையாகிய வியோத்தி இம்மாற்றங்களுக்குத் துணைநின்றார் என்பது வழிவழி வரும் செய்தி.

தூர்த் 1835-ஆம் ஆண்டில் காலமானார். எழுதவும் படிக்கவும் அறியாதவராகவே அவர் வாழ்ந்தார் என்று அவரைப் பற்றி எழுதிய பெத்திஸ் கூறுகின்றார். ஆகவே தம் அறிவை அவர் ஏட்டில் விட்டுச் செல்லவில்லை. தாம் செய்த கோல்களில் மட்டுமே விட்டுச் சென்றார். நம் நாட்டில் இத்தகைய ஒருவர் மறைந்திருப்பின் கதை அத்துடன் முடிந்திருக்கும். அங்கு நடந்தது வேறு. பெத்திஸ் என்பவர் இசை வரலாற்றுப் பேரறிஞர். பிரசல்சு நகர இசைக் கல்லூரியின் தலைவர். பாரிசில் வயலின் பட்டறை நடத்திய வியோம் என்பவரோ கருவி செய்வதில் தேர்ந்த கைவினைஞர். வியோம் தூர்த்தின் வில்கள் பலவற்றை அளந்து ஆராய்ந்தார். அவர் கண்டதைப் பெத்திஸ் 1856-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலிற் பதித்தார்.

அவ்வளவுகள் இன்றும் வியக்கத்தக்கன. தலை நீங்கலாகக் கோலின் நீளம் 700 மில்லிமீற்றர். அதில் கைப்பிடியை அடுத்த 110 மில்லிமீற்றர் வரை ஒரே பருமன், விட்டம் 8.6 மில்லிமீற்றர். அதன்பின் கோல் சிறுகச் சிறுக மெலிந்து தலையருகே 5.3 மில்லிமீற்றராகின்றது. ஆனால் அம்மெலிவு சீரான மெலிவு அன்று. விட்டம் ஒரே அளவு குறைவதற்கு முதலில் நெடுந்தொலைவு வேண்டும். பின்னர் அத்தொலைவு படிப்படியாகக் குறுகி வரும். அதனை ஒரு கணித வாய்பாட்டாற் காட்டலாம் என்று வியோம் கண்டார். எழுத்தறியாத தொழிலாளியின் கை, கணித நூலார் வளைகோட்டால் வரையும் ஒழுங்கைத் தானே அறிந்திருந்தது. அறிந்திருந்தது கை, சொன்னது கல்வி. இவ்விரண்டும் ஒரு மேசையில் கூடி இருந்தமையால் ஒருவரோடு மறைந்திருக்க வேண்டிய அறிவு உலகின் உடைமையாயிற்று.

இக்கலையின் மற்றொரு தாயகம், பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள மீர்கூர் என்னும் சிறு நகரம். வயலினும் வில்லும் செய்வதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. நாவிதர் ஒருவரின் மகனாக 1810-ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த தொமினிக் பெக்காத், 1826-ஆம் ஆண்டில் பாரிசு சென்று வியோமின் பட்டறையில் சேர்ந்து, தூர்த்துக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்படும் பெருமையை எய்தினார். அவரைப் பின்பற்றி வுவாரன், லாமி, சார்த்தோரி முதலியோர் புகழ் பெற்றனர். அங்கும் எல்லாம் நீதியாகவே நடந்தன என்று நாம் கூறவில்லை. வியோமின் பட்டறையில் பலர் செய்த வில்கள் வியோமின் முத்திரையோடே விலைபோயின. உழைத்தவர் பெயர் மறைந்தது. ஆயினும், பின்வந்த ஆராய்ச்சியாளர் கோலின் தலை செதுக்கப்பட்ட விதத்தையும் உளி நின்ற இடத்தையும் நோக்கி, ‘இது இன்னார் கை’ என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்து, மறைந்த பெயர்களை மீட்டனர். ஏட்டுச் சுவடியின் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிக்கும் நம் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு இவ்வுழைப்பு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அக்கலையும் தளர்ந்தது. மலிவான வில்கள் சந்தையை நிறைத்தன. இளைஞர் வேறு தொழில் நாடினர். 1971-ஆம் ஆண்டில் மீர்கூரில் வில் செய்யக் கற்பிக்கும் வகுப்பொன்று தொடங்கப்பெற்றது. பாட்டன், தந்தை, தாம் என மூன்று தலைமுறையாக அத்தொழில் செய்த பெர்னார் உஷார் அதற்கு ஆசிரியரானார். 1979-ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை பயிற்றிய மாணவர் தொகை பெரிதன்று. ஆயினும் இன்று பிரான்சில் அத்தொழில் உயிரோடிருப்பதற்கு அச்சிறு கூட்டமே முதற் காரணமாயிற்று. ஒரு கலை காக்கப்படுவதற்கு ஆயிரம் பேர் வேண்டுவதில்லை; கற்பிக்க ஒருவரும் கற்கச் சிலரும் தக்க காலத்தில் வேண்டும். காலம் தவறின் ஆயிரம் பேராலும் ஆவதொன்றில்லை.

கையும் சொல்லும் நின்றாலும் மரம் நிற்க வேண்டுமே! தூர்த் தேர்ந்தெடுத்த மரம் பிரேசில் நாட்டுக் கடலோரக் காடுகளில் வளரும் பெர்னாம்புக்கோ என்பது. அந்நாட்டுக்குப் பெயர் தந்ததும் அம்மரமே. ஆயின் அப்பெயர் முதலில் கீழைநாட்டு மரத்துக்கே உரியது என்பதை நம் வாசகர் அறிதல் நலம். செஞ்சாயம் ஊறும் சப்பங்க மரத்தை மேலைநாட்டு வணிகர் முன்னரே அப்பெயரால் வழங்கினர். பின்னர், அதற்கு இனமான மரத்தைத் தென்னமெரிக்காவில் கண்டு அதே பெயரை அதற்கும் இட்டனர். சாயத்துக்காகவும் நிலத்துக்காகவும் அக்காடுகள் அழிக்கப்பட்டதனால், 2007-ஆம் ஆண்டு முதல் அம்மரத்தின் வணிகம் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், வில் செய்வோர் தாமே ஒன்றுகூடி அம்மரத்தைக் காக்கவும் நடவும் ஓர் அமைப்பை நிறுவினர். தம் தொழிலுக்கு வேண்டிய மரத்தைத் தாமே நட வேண்டும் என்று தொழிலாளர் உணர்ந்தது போற்றத்தக்கது. நட்ட கன்று வில்லுக்கு உதவும் முன் நட்டவர் முதுமை எய்திவிடுவார் என்பதை எண்ணும்போது அப்போற்றுதல் இன்னும் மிகும்.

மேலைநாட்டாரின் கதையை இவ்வளவு விரிவாகக் கூறியது அவர் பெருமையை முழக்குவதற்கன்று. அக்கதையை ஓர் அளவுகோலாகக் கொண்டு நம் நிலையை அளந்து பார்ப்பதற்கே. கை, சொல், மரம் என்னும் மூன்றையும் ஒருசேரக் காத்தல் வேண்டும் என்பது அங்குக் கிடைக்கும் பாடம். நம்மிடத்தில் இம்மூன்றும் எவ்வாறு இருக்கின்றன?

முதலில் யாழை எடுத்துக்கொள்வோம். வில்லின் நாணொலியிலிருந்து பிறந்தது யாழ் என்பர் அறிஞர். வில்யாழ் என்னும் பெயரே அதற்குச் சான்று. ஆயன் ஒருவன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. பாணர் கையிலிருந்த யாழைப் பொருநராற்றுப்படை இன்னும் நுணுக்கமாக நோக்குகின்றது. பத்தல், போர்வை, ஆணி, மருப்பு, திவவு என ஒவ்வோர் உறுப்பும் அங்குப் பெயர் பெறுகின்றது. ஒவ்வொன்றுக்கும் உவமை கிடைக்கின்றது. துளையை மூடிய ஆணிக்கு நண்டின் கண்ணை ஒப்புக்கூறுகின்றார் முடத்தாமக்கண்ணியார். பட்டறையின் அருகே அமர்ந்து பார்த்தவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. அக்காலப் புலவர் கைவினையை இழிவென்று ஒதுக்கினாரல்லர், கற்றுப் பாடினார்.

ஆயினும் என்னாயிற்று? சொல் நின்றது, கை மறைந்தது. யாழ் செய்யும் மரபு அற்றுப்போயிற்று. ஈழநாடு பெற்ற பேரறிஞர் விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் முயன்று, பழைய நூற்சொற்களை இசைக்கணிதத்தோடு பொருத்தி ஆராய்ந்து, 1947-ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ என்னும் அரிய நூலை வெளியிட்டார்; அவ்வாண்டிலேயே மறைந்தார். அந்நூலின் பெருமை பேசி முடியாது. ஆனால் அதனைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு துயரமும் எழுகின்றது. பெத்திசுக்கு ஒரு வியோம் இருந்தார். அளந்து பார்க்கத் தூர்த்தின் வில்களும் இருந்தன. அடிகளுக்கோ யாழ் செய்யும் ஒரு முதியவர்கூடக் கிடைத்திலர். எந்த மரத்தை எப்பருவத்தில் வெட்டினர், பச்சைத் தோலை எவ்வாறு பதப்படுத்தினர், நரம்பை எத்தனை முறுக்கு முறுக்கினர் என்று கேட்டறிய ஒருவரும் இலர். பேரறிவு முழுவதும் சொற்களைக் கொண்டே கையைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு தொழிலாளியிடம் உரிய காலத்தில் கேட்டு எழுதாவிடின், பின்னர் ஒரு விபுலாநந்தர் தோன்றினும் முழுதும் மீட்க இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி இதற்கு நேர்மாறான நிலையைக் காண்போம். கை இருக்கின்றது, சொல் ஏட்டில் ஏறாது நிற்கின்றது. கும்பகோணத்துக்கு அண்மையில் காவிரிப் படுகையிலுள்ள நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் நாதசுரம் செய்வதிற் பெயர்பெற்றது. அதற்கு வேண்டிய மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் நின்று பல்லாண்டு உலர்ந்து இறுகிய கட்டைகளையே தேடி வாங்குவர். அதனைக் கடைந்து, உள்ளே நெடுகத் துளைத்து, ஏழு விரல்துளைகளும், கீழ்ப்புறம் சுருதியைச் சரிசெய்ய உதவும் ஐந்து துளைகளும் இடுவர். குழலின் உடலுக்கு உலவு என்றும், அடியில் விரிந்த வாய்க்கு அனசு என்றும், சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழாய்க்குக் கெண்டை என்றும் பெயர். வாயில் வைத்து ஊதும் சீவாளியோ நாணல் இனத்துத் தட்டையினால் ஆவது. அதனை ஆக்குவதில் அருகிலுள்ள திருவாவடுதுறை சிறந்தது. உலவு, அனசு, கெண்டை, சீவாளி! இவை புலவர் ஆக்கிய சொற்கள் அல்ல. பட்டறையில் பிறந்து பட்டறையில் வாழ்வன. இவற்றுக்கு அப்பாலும் கருவி செய்வோர் நாவில் எத்தனையோ சொற்கள் உள. மரத்தின் குணத்தைத் தட்டிப் பார்த்துக் கூறும் சொல், துளையின் ஓரத்தைத் தீட்டும் பக்குவத்தைக் கூறும் சொல், சீவாளியின் நாவு தடித்ததா மெலிந்ததா என்று கூறும் சொல் எனப் பலவாக அவை விரியும். பேசுவோர் மறைந்தால் அவையும் உடன் மறையும்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையை அறியாத தமிழர் இலர். 1898-ஆம் ஆண்டில் தோன்றி 1956-ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனார் காலத்துக்கு முன்னர், உயர்ந்த சுருதியுடைய குறுகிய திமிரி நாதசுரமே பெருவழக்கு. தாழ்ந்த சுருதியும் கம்பீரமும் உடைய நெடிய பாரி நாதசுரம் அவர் வாயிலாகப் பெருவழக்காயிற்று. அதனை அவர் விருப்பத்துக்கு ஏற்ப ஆக்கி, சுத்த மத்திமம் தெளிவாக ஒலிக்கும் வகையில் துளைகளைச் சீர்செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரி. வியோத்திக்குத் தூர்த் எவ்வாறோ, இராசரத்தினத்துக்கு இரங்கநாதர் அவ்வாறு. பிள்ளையவர்களின் தோடியைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அத்தோடி பிறந்த குழலைக் கடைந்த கையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை?

நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. மகிழத்தக்க செய்தியே. வேறோர் ஊரிற் செய்த குழலை அவ்வூர்ப் பெயரால் விற்பதை அது தடுக்கும். ஆயினும் அதன் எல்லையை நாம் உணர்தல் வேண்டும். அச்சான்று ஊரின் பெயரைக் காக்குமேயன்றித் தொழிலாளியின் அறிவைக் காவாது. மகன் பட்டறைக்கு வருவானா என்னும் வினாவுக்கு அது விடை தாராது. பழைய வீடுகள் இடிந்து தீர்ந்தபின் ஆச்சாக் கட்டைக்கு எங்கே போவது என்னும் வினாவுக்கும் விடை தாராது.

நம்மிடையே நற்குறிகள் இல்லாமலும் இல்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் ஆக்கித் தந்த பர்லாந்து முதலிய தஞ்சைக் கைவினைஞரின் பெயரும் வாழ்வும் தொழில்நுணுக்கமும் அதிற் பதிவாயின. மணி ஐயரின் வாசிப்பில் நாம் வியந்த நாதத்தில், தோலைத் தேர்ந்து மூட்டியவரின் செவிக்கும் பங்குண்டு என்பதை அந்நூல் பலர்க்கு உணர்த்தியது. சமூகம் தாழ்த்தி வைத்தவரின் அறிவே சபையில் உயர்த்தி வைக்கப்பட்ட கலைக்கு அடிப்படை என்னும் உண்மை கசப்பானது. ஆனால் சொல்லப்பட வேண்டியது. வாசிப்பவர் பெயரையும் செய்தவர் பெயரையும் ஒரே பக்கத்தில் அச்சிடும் துணிவு இனிப் பலர்க்கும் வர வேண்டும்.

இங்கு இரண்டு தடைகளைச் சிலர் எழுப்பக்கூடும். தொழில் மறை குடும்பத்தின் சொத்து. அதனை எழுதி வெளியிடுவது பிறர் உணவைப் பறிப்பதாகாதோ என்பது ஒன்று. கருத்தில் கொள்ள வேண்டிய தடையே இது. தொழிலாளியின் இசைவின்றி எதனையும் எழுதலாகாது. எழுதும் இடத்தில் அவர் பெயரை முதலில் எழுத வேண்டும். ஆயின், எழுதுவதனால் கைத்திறம் களவு போய்விடாது. தூர்த்தின் அளவுகள் 1856-ஆம் ஆண்டிலேயே அச்சேறின. அவற்றைப் படித்த அளவில் ஒருவரும் தூர்த் ஆகிவிடவில்லை. கை பழகவே வேண்டும். எழுத்து செய்வது, பழக வருபவனுக்கு வழி காட்டுதலும், பழக ஒருவரும் வாராத இருண்ட காலத்தில் விதைநெல்லைக் காத்துவைத்தலுமே ஆகும்.

தமிழாசிரியர்க்கும் தச்சுப் பட்டறைக்கும் யாது தொடர்பு என்பது மற்றைத் தடை. பொருநராற்றுப்படையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் இவ்வினாவை எழுப்புவாராயின் அவர் அந்நூலைச் சரிவரப் படித்திலர் என்றே கூறுவோம். பத்தலும் திவவும் இன்று உரையாசிரியரின் துணைகொண்டு விளங்கிக்கொள்ள வேண்டிய அருஞ்சொற்கள் ஆனதேன்? அவற்றை வழங்கிய பட்டறைகள் அழிந்தமையால் அன்றோ? இன்றைய அனசும் கெண்டையும் நாளைய அருஞ்சொற்களாகாது காப்பது தமிழ்த்தொண்டே. மேடைகளில் தமிழ் வாழ்க என்று முழங்குவதைக் காட்டிலும், ஆசாரி ஒருவரின் வாயிலிருந்து பத்துச் சொற்களைப் பிழையறக் குறித்துக்கொள்வது மொழிக்கு ஆற்றும் மேலான பணியாகும்.

இப்பணிக்குக் காவிரிக் கரைக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. நம் இலங்கையிலும், நம் ஊர்களிலும், எழுதப்படாத கைகள் உள. யாழ்ப்பாணத்து அளவெட்டியும் இணுவிலும் நாதசுர தவில் மரபால் புகழ்பெற்றன. தட்சணாமூர்த்தியின் தவிலையும் பத்மநாதனின் நாதசுரத்தையும் தமிழகமே தலைவணங்கிக் கேட்டது. தவிலின் உடல் பலாமரம். ஒருபுறம் வலந்தலை, மறுபுறம் தொப்பி. அதற்குத் தோல் மூட்டி வார் இழுப்போர் நம்மிடையே யார் யார், எவரிடம் கற்றனர், எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்று ஒரு பட்டியலேனும் நம் கல்லூரிகளில் உண்டா? முன்னேசுவரத்திலும் உடப்பிலும் திருவிழா நாட்களில் மேளம் கேட்டு மகிழ்கிறோம். மன்னார் முதல் சிலாபம் வரையுள்ள கடலோரத்துக் கத்தோலிக்க மக்களிடையே நாட்டுக்கூத்து வாழ்ந்து வந்தது. கூத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தோர் உளர். அக்கூத்துக்கு மத்தளம் கட்டிக் கொடுத்தவரைத் தேடியோர் மிகக் குறைவு.

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த உச்சமுனையை ஒத்த ஊர்களில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகத் தோன்றுகின்றது. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டுக்களின் இனிமையை நாம் பேசுகின்றோம். ஆனால் அவ்வலையை முடிந்த கையும், அவ்வலையை ஏற்றிச் சென்ற மரவள்ளத்தைக் கட்டிய கையும் நம் பேச்சில் இடம்பெறவில்லை. இன்று கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருப்பன பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவை உறுதியானவை, மலிவானவை, அவற்றைக் குறைகூறுதல் தகாது. எனினும் மரவள்ளம் கட்டிய தச்சன் பலகையை வளைக்கவும் பொருத்தவும் மூட்டை அடைக்கவும் வழங்கிய சொற்கள், வள்ளத்தோடு கரையொதுங்கிவிட்டன. இசைக்கருவிக்கு நேர்ந்தது படகுக்கும் நேரும். படகுக்கு நேர்ந்தது நாளை வேறொன்றுக்கும் நேரும். வில்லின் கதையை நாம் இக்கடற்கரையில் இருந்து எண்ணுவதன் பொருத்தம் இதுவே.

ஆகவே ஆசிரியரையும் மாணவரையும் இலக்கிய மன்றங்களையும் நோக்கிச் சில வேண்டுகோள்களை விடுக்கின்றோம். ஒவ்வொரு பாடசாலைத் தமிழ் மன்றமும் தன் ஊர் எல்லைக்குள் உள்ள ஒரு கைவினைஞரையேனும் ஆண்டுக்கு ஒருமுறை கண்டு, அவர் பெயர், அவர் ஆசிரியர் பெயர், கருவிகளின் பெயர், செய்முறையின் ஒழுங்கு, அவர் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதி வைக்கட்டும். செந்தமிழாக்கித் திருத்த வேண்டா. திருத்திய சொல் பிணம், வழங்கும் சொல்லே உயிர். இன்று மாணவர் கையில் ஒலியையும் படத்தையும் பதியும் கைப்பேசி உண்டு. பெத்திசுக்கு அது கிடைக்கவில்லை. கச்சேரி அழைப்பிதழில் வாசிப்போர் பெயருக்குக் கீழே ‘கருவி ஆக்கியவர்’ என்று ஒரு வரி சேர்க்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. பாடசாலை வளவுகளில் நிழலுக்காக மரம் நடுவோர், பலாவையும் பூவரசையும் நட்டு, அவை எதற்குப் பயன்படும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பலாவை வெட்டுவதற்கு நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டு முதல் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நடுவதற்குத் தடை ஏதும் இல்லை.

வாணி விழாவில் கருவிகளை வரிசையாக வைத்து மலர் தூவுகிறோம். கடலோர ஆலயங்களில் நவம்பர் 22-ஆம் நாள் இசைக்குப் பாதுகாவலியாகிய புனித செசிலியாளை நினைவுகூர்கின்றனர். இவ்வாண்டு அந்நாட்களில் முன்வரிசையில் ஓர் இருக்கையை, தவிலுக்கு வார் பிடிப்பவருக்கோ, ஆர்மோனியம் பழுதுபார்ப்பவருக்கோ ஒதுக்குங்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள். பேசுவதற்குக் கூசுவாராயின் கருவி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். பிறகு அவர் பேசத் தொடங்குவார். அப்போது மாணவர் ஒருவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.